எடுக்காதே

இரண்டாம் சனிக்கிழமை, மக்கள் நீதிமன்றம்.
மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் வேப்பமரம் வரைக்கும்
பிளாஸ்டிக் நாற்காலி.
பேங்க் கடன், வாடகை அட்வான்ஸ், இடித்துவிட்டுப் போன வேன்,
எல்லோர் மடியிலும் ஒரு மஞ்சள்பை.
என் மடியில் முதலாளியின் அதிகாரக் கடிதம்.
“பில் இருக்கான்னு மட்டும் கேளு.
அந்த மசி ஆறு மாசம்கூட நிக்காது.”

கூண்டு இல்லை. கட்டணம் இல்லை.
ஒரு மேசை. அந்தப் பக்கம்
ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு வக்கீலம்மா,
ஆறிப்போன டீ.
கூப்பிடுவதில் மட்டும் பழைய நீட்டல்:
“தேவனாம்பட்டினம் அஞ்சலாட்சீ...”

வந்தார். தலையில் கூடை இல்லாததால்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
“பதினெட்டாயிரத்து ஐநூறுங்கய்யா அந்த ஐஸ்பெட்டி.
ஒம்பதாம் நாளு குளிர் நின்னுபோச்சு.
இருபது கிலோ சங்கரா.
நாத்தத்துல பக்கத்து வூட்டோட சண்டை,
அதுக்குக் காசு கேக்கல.”

நான் கேட்டேன், சொல்லிக் கொடுத்தபடி:
பில்?

சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.
விளக்குச் சூட்டில்
கடைப்பெயர், தேதி, தொகை, எல்லாம் போய்
வெள்ளை. சுத்த வெள்ளை.
என் வயிற்றில் இறங்கியது நிம்மதியா, வேறெதுவா,
இன்னும் தெரியவில்லை.

நீதிபதி அதைத் திருப்பிப் போட்டார்.

பின்பக்கம், நீலப் பேனா:
‘எதுன்னாலும் கூப்பிடுங்க அக்கா.’
கீழே பத்து எண்.
என் ஏழுக்கு எப்போதும் இடுப்பில் ஒரு கோடு உண்டு.

“யாரும்மா குடுத்தது?”
“கடைப் பிள்ளைங்க. தாடி வெச்ச பிள்ளை.
நாப்பது வாட்டி அடிச்சேன். எடுக்கல.”
தாடியை நேற்றுத்தான் எடுத்திருந்தேன்,
கோர்ட்டுக்குப் போகிறோமே என்று.

“இப்ப அடிங்க.”

பட்டன் போனில் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார்.
என் சட்டைப்பை அதிர்ந்தது.
திரையில், நானே பதிந்து வைத்த பெயர்:
எடுக்காதே மீன்.

யாரும் சத்தம் போடவில்லை.
நீதிபதி டீயை ஒரு மடக்குக் குடித்தார்.
“எவ்வளவுன்னா முடிச்சுக்கலாம், தம்பி?”

பதினாலாயிரம், இரண்டு தவணை.
இதற்குமேல் அப்பீல் கிடையாது என்று வாசித்தார்கள்.
குமாஸ்தா மைடப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.
அதைத் தள்ளிவைத்துவிட்டு
முழுப்பெயரும் எழுதினார் அஞ்சலாட்சி,
துணைக்கால் விடாமல்.

கெடிலம் பாலத்தருகே பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
முதலாளி அழைக்கிறார்.
அமர்த்தாமல், எடுக்காமல், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒரு மணி முழுசாய் அடித்து ஓய
இவ்வளவு நேரமா ஆகும்.

நாற்பது முறை.