சட்டை அளவு

செவ்வாய்க்கிழமையே குழுவில் போட்டுவிட்டார்கள்.
சனிக்கிழமை, அரியமான் கடற்கரை, கம்பெனியின் குடும்ப விழா.
தலைக்கு அறுநூறு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும்.
நீலநிற டி-சர்ட் உண்டு. அளவைத் தெரிவிக்கவும்.
சீனி நூர்தீன் எக்ஸ்எல் என்றான்.
ஜெனோவா ஒரு கும்பிடும் மூன்று பலூனும் அனுப்பினாள்.
நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நண்டுக் கூடைகளை எடைபோடப் போனேன்.

காலையில் இறங்கும்போது நாற்பது கிலோ.
லாரி ஏறும்போது முப்பத்தெட்டே கால்.
நடுவில் போனது தண்ணீர், சார்.
ஐஸ் உருகி, பெட்டிக்கு அடியில் ஒழுகி,
மண்டபத்துச் சாக்கடை வழியாக
வந்த கடலுக்கே திரும்பிவிட்டது.
அருளப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தண்ணிக்கு வவுச்சர் இருக்கா?"
பத்துப் பேர் பார்க்கக் கேட்டார்.
பத்துப் பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

இதே மனிதர்தான் போன வருஷ விழாவில்
என் இலையில் இன்னொரு கறித்துண்டு வைத்து
"சாப்பிடும்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.
ஓவர்டைம் பற்றி வாயெடுக்கலாம் என்றிருந்தேன்.
வாயில் கறி இருந்தது.

அதைக்கூட விழுங்கிவிட்டேன்.
திங்கட்கிழமை, நண்டு உடைக்கிற மேசையில்
முத்திருளாயி அக்கா தலை நிமிராமல் கேட்டாள்:
"என்ன போட்டாங்க?"
தினக்கூலிகளுக்கு அழைப்பு இல்லை, சட்டையும் இல்லை.
"சோறு வேகவே இல்லக்கா."
"கறி?"
"ஒரே எலும்பு."
அவள் ஓட்டைப் பிளந்து
வெள்ளைச் சதையை நூல் பிரிப்பதுபோல் எடுத்து வைத்தாள்.
"பொய் சொல்லத் தெரியல உனக்கு."

புதன் இரவு "வர இயலாது" என்று அடித்தேன்.
மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சேர்த்தேன்.
அழித்தேன். போன தடவையே அவரைப் படுக்கவைத்தாயிற்று.
"வருகிறேன்" என்று அடித்தேன்.
அதுவும் பொய்யாகவே தெரிந்தது.
வெளியே கொண்டல் காற்று ஓலையைப் பிடித்து உலுக்கியது.
பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம்.
படகுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.
எங்கள் ஆபீசில் அப்படி ஒரு கம்பம் கிடையாது,
சாரின் பைக் நிற்கிற கோணலை வைத்து
நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வியாழன் காலை பட்டியல் வந்தது.
'செல்லக்கனி: வருகிறார். லார்ஜ்.'
"யோசிச்சுக்கிட்டே இருந்தீங்க, நானே போட்டுட்டேன்" என்றார்.
நான் மீடியம், சார்
என்று சொல்வதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை, மண்டபம் பேருந்து நிறுத்தம்.
சுடிதாருக்கு மேல் முழங்கால் வரை தொங்கும் நீலம்,
முதுகில் சிரிக்கிற நண்டு.
உச்சிப்புளிப் பக்கம் போகிற வண்டி வரவில்லை.
எதிர்ப்புறம் ராமேஸ்வரம் வண்டி வந்தது, பாதி காலியாக.
சாலையை எப்போது கடந்தேன் என்று கேட்காதீர்கள்.

பாலத்தின் நடுவில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்,
தினமும் போகிற காய்கறிக்காரர் உட்பட.
இரண்டு முறை போன் அடித்து ஓய்ந்தது.
மூன்றாவது முறை எடுத்து
"காத்து சார், ஒண்ணும் கேக்கல" என்றேன்.
அந்த வாரத்தில் நான் அவரிடம் சொன்னதில்
அவர் நம்பியது அது ஒன்றுதான்.

பாம்பனில் இறங்கி இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.
சால்னா தெறித்து நண்டின் ஒரு கண் மறைந்தது.
துடைக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா கேட்பாள், என்ன போட்டாங்க என்று.
ரெண்டு பரோட்டா, முப்பது ரூபாய், என் காசு என்பேன்.

நம்ப மாட்டாள்.