வெற்று எடை

வட்டில் இடமில்லை என்று
சிவப்புக் கோடு சொல்கிறது.
இரவு பதினொன்று பத்து.
பீடோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே யாரோ இன்னும் நட்டு கழற்றுகிறார்கள்.
காலை எட்டுக்குள்
இந்திராவதியின் வளைகாப்புப் படத்துக்கு
மூன்று நிமிட இசை வேண்டும்.
என்னிடம் இருப்பது
முந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி வாத்தியம்.
ஒன்றுக்கும் ஒரு சென் கொடுத்ததில்லை.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பல்லை யார் பார்த்தார்கள்?
கட்டிவைக்கத் தொழுவம் இல்லை.

பகலில் எனக்கு எடைமேடை வேலை.
செம்பனைக் குலையோடு லோரி வரும், ஒரு எடை.
ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பும், ஒரு எடை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
மீதியெல்லாம் இரும்பு, டீசல்,
ஓட்டுநர் ஹம்சாவின் வயிறு.

அந்தக் கணக்கை இங்கே போட்டேன்.

மாபெரும் சிம்பொனி, இலவசப் பதிப்பு.
நாற்பத்தோரு ஜிபி.
எழுபது வயலின் ஒன்றாய் மூச்சிழுக்கும்,
இழுத்து முடிக்கவே நாலு நிமிடம்.
வந்த மூன்று வருடத்தில்
இரண்டு முறை திறந்திருக்கிறேன்.
இரண்டும் விருந்தாளிக்குக் காட்ட.
அழித்தேன்.

பாடகர் குழு.
'ஆ' என்பார்கள், 'ஓ' என்பார்கள்.
'ழ' கேட்டால் விழிப்பார்கள்.
அழித்தேன்.

பதினேழு பியானோ.
அதில் பதினொன்று
ஒரே பியானோ, சட்டைதான் வேறு.

யுகேந்திரன் சுங்கைப் பட்டாணியிலிருந்து அழைத்தான்.
"எல்லாத்தையும் தூக்கிப் போடுக்கா.
காசு கொடுத்து ஒண்ணு வாங்கு,
அப்பதான் உக்காந்து வாசிப்ப."
அவன் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரிங்கிட் கொடுத்தவன்.
வாசித்ததில்லை.
அழிக்கவும் மனம் வராது அவனுக்கு.
அந்த வகையில் என் பொருள் உசத்தி:
வலிக்காமல் போகும்.

இப்படித்தான் நினைத்தேன்,
'இந்தியன் ஓபோ' வரும்வரை.

திறந்தால் நாதஸ்வரம்.
எங்கோ ஒரு அறையில் ஏழு சுரம் வாசிக்கச் சொல்லி
சோப்புக்கட்டி மாதிரி நறுக்கி வைத்திருக்கிறார்கள்.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக வழியில்லை,
குதிக்கத்தான் வேண்டும்.
இதை வைத்து ஒரு ராகத்தின் வாசலைக்கூடத் தொட முடியாது.
எடை போட்டால் சரக்கு சுழியம்.

ஆனால் தைவதம் முடிகிற இடத்தில்
வாசித்தவர் மூச்சு வாங்குகிறார்.
அதை வெட்ட மறந்துவிட்டார்கள்.
உரிமக் கோப்பில் ஒலிவாங்கியின் பெயர் இருக்கிறது,
எந்த ஊர் அறை என்று இருக்கிறது,
நன்றி என்று ஒரு நாய்க்குட்டியின் பெயர்கூட இருக்கிறது.
அவர் பெயர் இல்லை.
அன்றைக்கு அவருக்கு என்ன கொடுத்தார்களோ.
எனக்கு இலவசம்.

ஐந்து முறை தைவதத்தை அழுத்தினேன்.
ஐந்து முறையும் அதே மூச்சு.

பிறகு மணி ஒன்று.
வளைகாப்புக்கு எடுத்தது
ஒன்பது எம்பி சின்னப் பியானோ.
யார் வீட்டு அடுப்படியிலோ பதிவு செய்தது,
மெல்ல அழுத்தினால் குளிர்பெட்டி முனகும்.
போன முறை இதைக் கேட்டுத்தான்
இந்திராவதி கேட்டாள்,
"யாரை வெச்சு வாசிச்ச, நல்லா இருக்கே?"
குளிர்பெட்டியை வெச்சு என்று சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்.
குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன்.
அழித்த பாடகர் குழுவை மூன்று மணிக்குத்
திரும்ப இறக்கப் போட்டேன், சும்மா.
ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது.
நிறுத்திவிட்டுத் தூங்கினேன்.

காலையில் ஹம்சாவின் லோரி
கொட்டிவிட்டு மேடையேறியது.
வழக்கமாய் ஐயாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.
இன்று நாற்பது கூட.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
பின்மூலையில், இரும்பு மடிப்பில்,
இரண்டு குலை சிக்கிக்கொண்டு
எவ்வளவு சாய்த்தும் விழவில்லையாம்.

"எழுது கிராணி," என்றான்.
எழுதினேன்,
வெற்று எடை: ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.