மூன்று தவறான விடைகள்

தவறான விடைகளை எழுதுவது என் தொழில்.
ஒரு கேள்விக்கு மூன்று.
சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.
அது பத்தியிலேயே கிடக்கிறது, குனிந்து எடுத்தால் போதும்.
தவறுக்குத்தான் கை பழக வேண்டும்.

முதல் தவறு அவசரக்காரர்களுக்கு.
இரண்டாவது, அளவு மீறியது:
'சில' என்றிருந்ததை 'எல்லாம்' என்பேன்.
மூன்றாவதில்தான் எனக்குப் பெயர்.
படிக்கிறவர் தன் வாழ்க்கையையும் கூட்டிக்கொண்டு வருவார் அல்லவா,
அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.
உட்கார்ந்தால் மதிப்பெண் போய்விடும்.

அயோவா சிட்டி. நெடுஞ்சாலையை ஒட்டிய
இரண்டு மாடிக் கட்டடம். சன்னலுக்கு வெளியே
அறுப்பு முடிந்த சோளக்காடு, கட்டைத் தாள்களின் மேல் பனி.
பதினோரு வருடமாய் இங்கிருந்து
கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகளைச்
சலித்துக்கொண்டிருக்கிறோம்,
நானும் டெனிசும் புள்ளிவிவரம் பார்க்கும் கிரெக்கும்.

பதினேழாம் கேள்வி.
எழுபத்து நான்கு வரிப் பத்தி, ஒரு நெப்ராஸ்காப் பண்ணை வீடு.
கணவன் ரயில் வேலைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன.
ஒருத்தி தனியாகச் சாப்பிடுகிறாள்.
வரி 31: இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.
ஏன்?
அ. சுத்தத்தில் அவளுக்கு அக்கறை அதிகம்.
ஆ. பழக்கம் அவளை விடவில்லை.
இ. இன்னொருவரை நம்பவைக்க நினைக்கிறாள்.
ஈ. வீட்டில் எல்லாத் தட்டுகளும் அழுக்காக இருந்தன.
'ஆ'வைச் சுழித்து மூடிய கோப்பு அது.

வெள்ளோட்டத் தேர்வில், லரேடோவிலிருந்து,
பெயர் இல்லை, ஒன்பது இலக்க எண் மட்டும்,
கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தது:
"இ. என் அம்மாவும் கழுவுவாள்.
ராத்திரி அப்பா வந்து சாப்பிட்டுப் போனார் என்று
காலையில் தம்பி நம்ப வேண்டும்."

பத்தியில் குழந்தையே இல்லையே, என்றாள் டெனிஸ்.
சரிதான். நாற்காலி வேலை செய்திருக்கிறது.

மதியம் பத்தியை மறுபடி எடுத்தேன்,
நாற்பதாவது முறையாக இருக்கும்.
வரி 12. கதவருகே மூன்று ஆணிகள்.
ஒன்றில் அவள் சால்வை. ஒன்றில் அவன் விட்டுப்போன தொப்பி.
மூன்றாவது, இடுப்புயரத்தில்.
அதில் என்ன தொங்கியது என்று சொல்லவில்லை.
இடுப்புயரத்தில் யார் ஆணி அடிப்பார்கள்?
யாருக்கு?

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம், விடை எட்டு வகை.
'ஆடுவாயா' என்றதற்குக் 'கால் வலித்தது' என்றால் உற்றது உரைத்தல்,
'வலிக்கும்' என்றால் உறுவது கூறல்.
இரண்டையும் மாற்றி எழுதி அடி வாங்கியிருக்கிறேன்.
கேட்டதற்கு நேரே பதில் சொல்லாமல்
தனக்கு நேர்ந்ததைச் சொன்னாலும்
இலக்கணத்தில் அது விடை.
வினாவில் ஆறு. தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா;
என் சம்பளம் அதற்குத்தான்.
இந்தப் பதினேழில் மட்டும், என்னை அறியாமல்,
ஓர் அறியா வினாவைக் கேட்டுவிட்டேன்.

கிரெக் திரையைத் திருப்பிக் காட்டினான்:
மற்றதிலெல்லாம் முழு மதிப்பெண் வாங்கியவர்களில்
நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர் 'இ'.
ஆணியைப் பார்த்தவர்களா, தட்டைப் பார்த்தவர்களா
என்று கேட்டேன்.
அதெல்லாம் எண்ணில் வராது என்றான்.

கேள்வியை நீக்கினோம்.
'காரணம்' என்ற கட்டத்தில் டெனிஸ் தட்டினாள்:
ஒன்றுக்கு மேற்பட்ட விடை.
எங்கள் படிவத்தில் அது குறைபாடு.

மாணவர்களுக்கு நாங்கள் பதில் எழுதக் கூடாது,
ஒப்பந்தம், ஆறாம் பக்கம்.
எழுதலாம் என்றாலும் என்ன எழுத?
நீ சொன்னது சரி என்றா?
உன் தம்பி இன்னும் நம்புகிறானா என்றா?

நாலரைக்கே இருட்டிவிட்டது.
அடுத்த பத்தி தேனீக்களைப் பற்றி.
குளிர்காலத்தில் ராணியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு
நடுங்கி நடுங்கியே சூடு உண்டாக்குமாம்.
விடை எழுதியாகிவிட்டது.
இரண்டு தவறுகள் சுலபமாய் வந்தன.
மூன்றாவதற்கு நேரே கர்சர் துடிக்கிறது.
தேனீயில் யார் தன் வீட்டைப் பார்க்கப்போகிறார்கள் என்று
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு,
கணினியை அணைக்காமலே
கோட்டை மாட்டிக்கொண்டேன்.