சாவி: ஒன்று

முத்திரை ஆபீஸ் முடுக்கில்
டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் பேச்சிமுத்து.
சுவர் இரண்டே முக்கால் அடி. சுண்ணாம்புக் காரை.
தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ்.
கட்டிய வருஷம் தெரியவில்லை;
மைக்செட் ஒயர் கட்ட யாரோ அடித்த ஆணி
கல்லில் ஒன்றையும் எட்டையும்தான் விட்டுவைத்திருந்தது.

தற்போதைய பயன்பாடு என்று படிவம் கேட்டது.
இல்லை என்று எழுதினேன்.
டவுன் கடைகளின் படிக்கல் எல்லாம்
வருஷம் ஒருமுறை இங்கே வந்து
நிறை சரி என்று முத்திரை வாங்கிப் போகுமாம்.
இப்போது எல்லாருக்கும் பேட்டரித் தராசு.
இல்லை என்பது சரிதான்.

பன்னிரண்டு மணிக்கு எனக்கு அவசரம்.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.
பின்பக்கம் ஒரு தகரக் கதவு,
நிரம்பிய வாளி,
நூலில் கட்டித் தொங்கிய சோப்புத் துண்டு,
கொக்கியில் யாருடையதோ துப்பட்டா.
சுத்தமாக இருந்தது.
யார் கழுவுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.
வெளியே வந்து தாழ்வார அளவை எழுதினேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பதினொன்றுக்கு.
பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது.
வியாபாரிகள் சங்கத்துக்கு
அறுபத்திரண்டு கார் நிற்க இடம் வேண்டும்.
"ஆடித் தள்ளுபடிக்கு வாரவன்
வண்டியத் தலையிலயா வைப்பான்?" என்றார் ஆவுடைநாயகம்.
நியாயம்தான்.
சென்னையிலிருந்து வந்த இருவர்
திரையில் வளைவுகளைக் காட்டினார்கள்.
அதுவும் நியாயம்; ஒன்பது நாள் அளந்த வளைவை
அன்றுதான் நான் பார்த்தேன்.
கவுன்சிலர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.
மிக்சர் வந்தது.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.
பெயர் செண்பகக்கனி, பட்டு செக்‌ஷன்.
கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாள்.
மருந்து வாங்கணும் என்று
அரை மணி கேட்டு வந்திருக்கிறாள்.

"இடிங்க, இடிக்காம இருங்க.
பின்னால இருக்க கக்கூஸ என்ன செய்யப் போறீய?
காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை.
கடையில எங்களுக்குன்னு ஒண்ணும் கிடையாது.
நாங்க பதினெட்டுப் பேரு, எதுத்த கடை இருவத்தஞ்சு.
முறை வச்சுக் கழுவுதோம்.
பினாயிலுக்கு ஆளுக்குப் பத்து ரூவா."

அரங்கம் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.
குறித்துக்கொண்டது.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
இதர கருத்துகள், ஒரு வரி.
எழுதியது என் கைதான்.

பத்து மாதம்.
கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்பியது.
கட்டடம் தப்பியது.
வளைவுக்கு வெள்ளை அடித்து
கீழிருந்து மேலே விளக்கு போட்டார்கள்;
ராத்திரி மஞ்சளாய், கல்யாண வீடு மாதிரி.
பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று நீலப் பலகை,
அத்துமீறினால் தண்டனை என்று அதன் கீழே சின்ன எழுத்தில்.
கார்களுக்கு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
ஆவுடைநாயகமும் சால்வை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்கள்
இப்போது பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறார்கள்.
போகவர இருபது நிமிஷம், ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய்.
பாதிப் பேர்
மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதில்லை.

ஒப்படைப்புப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.
கதவு ஏழு. ஜன்னல் பதினொன்று.
பின் கேட் பூட்டு ஒன்று.
சாவி: ஒன்று.

பூட்டு வாங்கி வந்தவன் பேச்சிமுத்து.
எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி வரும் என்று
கையெழுத்துப் போட்ட இன்ஜினியருக்குத் தெரியாதா?
அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை பட்டு செக்‌ஷனுக்குப் போய்
வாங்கப்போகாத சேலை நாலைப்
பிரித்துப் போடச் சொன்னேன்.
மூன்றாவதை நானே மடித்துக் கொடுத்து,
"இது கனமா இருக்குமோ?" என்றேன்.
மடிப்புக்குள் விரலை விட்டவள்
சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"லேசுதாங்க்கா" என்றாள்.