நூற்றுக்கு ஆறு

பார்மனில், தொங்கு ரயில் தலைக்குமேல்
உராய்ந்து போகும் தெருவில்
பழைய சேமிப்பு வங்கியொன்றை
நூலகமாக்கும் வேலை.
வாசலில் நான்கு படிகள்.
படிக்க வருகிறவர்களுக்கு முன்னால்
நான்கு படிகள்.
இந்தச் சிலேடைக்குச் சிரிக்க
என் அலுவலகத்தில் ஆளில்லை.
வரைபடத்தின் ஓரத்தில் தமிழில் எழுதிவிட்டு
பிறகு அழித்தேன்.

ஒரு படிக்குப் பதினாறு, நான்குக்கு அறுபத்து நான்கு.
சாய்வுப் பாதை நூற்றுக்கு ஆறுக்கு மேல் ஏறக்கூடாது.
ஆக, அறுபத்து நான்கு சென்டிமீட்டர் ஏற
பத்து மீட்டர் அறுபத்தேழு போகவேண்டும்,
நடுவில் மூச்சுவிட ஒன்றரை மீட்டர் சமதளம்.
எங்களிடம் இருந்ததோ ஒன்பது மீட்டர் முற்றமும்
இரண்டு கல் சிங்கங்களும்.

மரபுக் கட்டடங்களைக் காக்கும் ஹெர் பிரிங்க்மன்
'சிங்கங்கள் நகராது' என்றார்.
பின்பக்கம் கதவு உண்டு, அகலமானது,
மணியை அழுத்தினால் ஆள் வந்து திறப்பார்.
எல்லோரும் தலையாட்டினோம்.
நானும்தான் ஆட்டினேன்.

சரிபார்க்க வந்தவர் கோர்டுலா வெஸ்ட்ஃபால்.
சக்கர நாற்காலியின் முதுகில் ஒரு கொக்கித் தராசு;
மீன் நிறுப்பதுபோல் கதவுகளை நிறுப்பார்,
எத்தனை இழுப்புக்கு எது அசைகிறது என்று.
வரைபடத்தை மடியில் விரித்தார்.
பின்கதவின்மேல் விரல் நின்றது.
'இந்த ஊர்க் குப்பைத் தொட்டிகளை எல்லாம்
வாசனையாலேயே எனக்குத் தெரியும்.
பல் மருத்துவரிடம், வரி அலுவலகத்தில்,
என் தங்கை கல்யாணம் பதிந்த இடத்தில்.
ஒரு புத்தகம் எடுக்க
நான் ஏன் ஒரு மனிதரைக் கூப்பிடவேண்டும்?'

கழிப்பறையை ஒழுங்காகத்தான் வரைந்திருந்தேன்:
சுழல ஒன்றரை மீட்டர், இருபக்கமும் மடக்குப் பிடி.
'அருமை' என்றார்.
'டிசம்பரில் இதற்குள் கிறிஸ்துமஸ் மரத்தை வைப்பார்கள்.
பக்கத்தில் ஒரு சாமான் அறை வரையுங்கள்.
பெரிதாக.'

அன்று ரயிலில் நின்றபடி வீடு திரும்பினேன்.
எங்கள் மொழியில் அலைந்து திரிந்ததை
ஏறி இறங்கியது என்கிறோம்.
விசாவுக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினேன் என்று
எத்தனை பேரிடம் சலித்திருக்கிறேன்.
ஏற வழியில்லாதவர்
எந்தச் சொல்லால் சலிப்பார்?
கால் வலித்தது, உட்காரவில்லை.

வழியை ஒருமுறை மடித்தேன்.
முதல் ஓட்டம் சுவரோரம்,
திருப்பம் இடப்பக்கச் சிங்கத்தின் முகத்தெதிரே,
இரண்டாவது ஓட்டம் நேரே பெரிய வாசலுக்கு.
சிங்கம் நகரவில்லை. பாதை சுற்றிக்கொண்டது.
பிரிங்க்மன் மூன்று கடிதங்களில் மறுத்தார்,
நான்காவதில் கையெழுத்துப் போட்டார்,
கைப்பிடிக் கம்பியின் நிறம் பற்றி
ஒரு பக்கம் முறைப்பாட்டோடு.

திறந்த அன்று நவம்பர் மழை.
மேயர் பேசி முடித்துப் போனபிறகு கோர்டுலா வந்தார்.
திருப்பத்தில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.
குந்தினால்தான் எனக்குத் தெரிந்தது:
சிங்கத்தின் தாடைக்கு அடியில்
பெயரில்லாத கல்தச்சர் கொத்திவிட்டுப் போன
விரல் நீள மீன் ஒன்று.
படியேறி வந்த நூறு வருடத்துச் சனத்தில்
யார் பார்த்திருப்பார்?
பிரிங்க்மனின் கோப்பில் இல்லை.

கதவு தானாக விலகியது.
உள்ளே யாரோ பக்கம் புரட்டினார்,
யாரோ இருமினார்,
நனைந்த மேலங்கியோடு ஒரு பெண் நுழைந்ததை
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
தொண்டைக்குள் ஏதோ அடைக்க
நான் கதவின் வேகத்தைச் சரிபார்ப்பவன்போல
வெளியிலேயே நின்றேன்.

பத்து நிமிடத்தில் இரண்டு துப்பறியும் நாவல்களோடு வந்தார்.
'இரவல் இயந்திரம்
நான்கு சென்டிமீட்டர் உயரம் அதிகம்.'

அளந்து பார்த்தேன்.
நான்கரை.