மாதிரி எண் 4417

மக்காச்சோளம். லிம் சூ காங் கோழிப்பண்ணை.
மூன்று நாள் மழையில்
துறைமுகத்தில் நின்ற கண்டெய்னர் என்பது
படிவத்தில் இல்லை.
கையெழுத்துப் போடும்போது
ஓட்டுநர் ரோஸ்லான் தானாகச் சொன்னது.

அரைத்தேன், கரைத்தேன், வடித்தேன்.
ஊதா விளக்கின் கீழே வைத்தேன்.
நீலம்.
தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் தொங்குமே,
அதைவிட அழகான நீலம்.

பூஞ்சை பூத்திருக்கிறது என்கிறோம்.
பூ என்ற சொல்லை
யோசிக்காமல் யார் யாருக்கோ
கொடுத்து வைத்திருக்கிறோம்.

முதல் அளவு இருபத்து மூன்று.
அதே மூட்டை, அடுத்த பிடி: நான்கு.
நூறு கோடியில் இத்தனை பங்கு என்று கணக்கு.
எங்கள் தாளில் கோடு இருபதில்.

பண்ணைக்கார சியோங் தொலைபேசியில்:
"ஒரே மூட்டைதானே?
ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா
பதிமூன்றரை. பாஸ்தானே லா?"

கூட்டலில் பிழை இல்லை.
ஆனால் கோழி சராசரியைக் கொத்துவதில்லை.
ஒவ்வொரு மணியாகத்தான் கொத்துகிறது.
ஆயிரக்கணக்கில் ஒன்று கெட்டிருக்கும்;
அது எந்த அலகுக்கு என்று
என் இயந்திரத்துக்குத் தெரியாது.
ஈரத்தில் தொடங்கி
ஈரலுக்குப் போகும்.
ஓர் எழுத்துத்தான் தூரம்.

"நல்லா வேகவெச்சா செத்துடாதா?"
சாவதற்கு அதற்கு உயிர் இல்லை, மிஸ்டர் சியோங்.
பூஞ்சை செத்த பிறகும் அது இருக்கும்.

பேச்சில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால்
நாற்பதாயிரம் கோழிகள்
ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

"இன்னும் பத்து மாதிரி அனுப்புங்க.
அதுவரைக்கும் தொட்டியில கொட்டாதீங்க."

"கொட்டியாச்சு," என்றார்.
"நேத்தே. பாதி."

சொல்லாமல் விட்டிருக்கலாம் அவர்.
குறிப்புப் பத்தியில் அதை எழுதும்போது
பேனா ஒருமுறை நின்றது.
எழுதினேன்.

இரவு ஏழரை, கிளமெண்டி.
கோழிச்சோற்றுக் கடையில் கத்தி நிற்காமலே கேள்வி வந்தது:
"ஈரல் சேர்க்கவா?"

இது வேறு கோழி. பாலம் கடந்து வந்தது.
வேறு தீவனம், வேறு லாரி.
இறைச்சியில் தங்குவது சொற்பம் என்றும்
படித்திருக்கிறேன்; பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.
படித்தது நாக்குக்கு இறங்க
நேரமாகிறது.

பின்னால் வரிசை நீண்டது.
யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
"போடுங்க," என்றேன்.

உட்கார்ந்து
வெள்ளரித் துண்டுகளை முதலில் தின்றேன்.
எல்லாவற்றையும்.
மெதுவாக.