தரை கழுவியவன்

கொட்டாஞ்சேனையில் கும்பாபிஷேகம்.
இரவு வேலை முடிந்து நேரே வந்தவன்
கயிற்றுக்கு இப்பால் நின்றேன்.
கையில் செருப்பு. நகக்கண்ணில் லைசோல் வாசம்.
யாகசாலைப் புகை கண்ணைக் கரித்தது.
ஒலிபெருக்கியில் குருக்கள்
மந்திரத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதியில் ஒருவன் இருந்தானாம்.
அவனுக்குத் தலையே ஆயிரம்.
தேவர்கள் அவனைப் பிடித்துக் கட்டினார்கள்.
இளவேனிலை நெய்யாக ஊற்றினார்கள்.
"இளவேனில் எந்த மாசம் அண்ணே?"
பக்கத்தில் நின்ற கச்சான்காரன் கேட்டான்.
கொழும்பில் இருப்பது இரண்டு மழை,
நடுவில் வியர்வை.

பிறகு வெட்டினார்கள்.
மனம் நிலவாயிற்று, கண் சூரியனாயிற்று.
வாய் ஒரு சாதி.
தோள் ஒன்று, தொடை ஒன்று.
பாதம் என்று சொல்லும்போது
குருக்களின் குரல் கொஞ்சம் இறங்கியது,
அல்லது மைக் சரியில்லை.

பொரளைப் பக்கம் பிரேத அறையில்
எனக்குப் பதினேழு வருடம்.
டொக்டர் ஹப்புகொட கோடு காட்டுவார்,
அறுப்பது நான்.
மண்டையோட்டைத் திறந்த நாளிலெல்லாம்
நிலவைக் கண்டதில்லை.
தராசில் வைப்பேன், அவர் எழுதுவார்:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.
மருதானையில் ரயிலில் அடிபட்டவன்,
களனி ஆற்றில் மிதந்து வந்த பெண்,
தங்கப் பல்லோடு ஒரு கறுவாத்தோட்டத்துக் கனவான்.
எந்தத் தொடையிலும்
கணக்குப் புத்தகம் இருக்கவில்லை.

குருக்களிடம் கேட்க ஒன்று இருந்தது.
அவ்வளவு பெரிய உடம்பு.
எத்தனை வாளி ரத்தம் ஐயா?
நெய்யைத் தேவர்கள் ஊற்றினார்கள், சரி.
கத்தியும் அவர்கள் கையில்தான் என்று வைத்துக்கொள்வோம்.
பங்கு பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.
தரையைக் கழுவியது யார்?

பாதத்தை அறுத்தபோதே
அவன் வாளியோடு வாசலில் நின்றிருக்க வேண்டும்.
அப்படியானால்
எந்த உறுப்பிலிருந்தும் வந்தவனில்லை அவன்.
உலகம் பிறக்குமுன்
வேலைக்கு வந்துவிட்டவன்.

பூர்ணாகுதி முடிந்தது.
பட்டுப்புடவை கருகிய நாற்றம்,
உடைந்த தேங்காய், மிதிபட்ட பூ.
சபைச் செயலாளர் வைரவநாதர்
கூட்டத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தார்:
"இருளப்பா, நல்ல வேளை, நீ நிற்கிறாய்.
விளக்குமாறு பின்னால் இருக்கு."

அப்போதுதான் மற்றதும் ஞாபகம் வந்தது.
நாங்கள் அறுத்தால் தைப்போம்.
தொண்டையிலிருந்து அடிவயிறு வரை
கட்டை நூலால், நெருக்க நெருக்க.
வாசலில் காத்திருக்கும் தாய்க்கு
முழு ஆளாகக் கொடுக்க வேண்டும்.
ஹப்புகொட திட்டுவதும்
அந்த ஒன்றுக்காகத்தான்.
தேவர்கள் தைத்ததாக
குருக்கள் கடைசிவரை சொல்லவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டேன்.
வைரவநாதர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
நாளைக் காலைக்கு ஆறு உடல்,
நூல்கட்டை முடிந்து மூன்று நாள்.
ஐந்துலாம்புச் சந்தியில் கடைக்காரன் கேட்டான்:
"எதைத் தைக்க? சாக்கா, சப்பாத்தா?"

"ஆள்" என்றேன்.
அவன் சிரித்துவிட்டு
உள்ளதில் தடித்ததாக எடுத்துத் தந்தான்.